மக்பூல் சாச்சா வீடு பார்த்த கதை

வீடு கட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கண் மூடினால் சீமெந்து மூட்டையும் கண் திறந்தால் மேசன் பாஸின் முகமும் தெரிகிற பாவப்பட்ட சனம். வீடு வாங்குகிறவர்களையும் தெரியும். வாடகை வீட்டிலிருந்தே தலை நரைத்துப்போனவர்களும் உங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருப்பார்கள். இந்த மூன்று கூட்டத்திலும் சேராத நான்காவது கூட்டம் ஒன்று, கற்பிட்டி முனையிலிருந்து முந்தல் வரைக்கும் உப்புக் காற்றிலும் துருப்பிடிக்காமல் செழித்து வளர்ந்திருக்கிறது. அவர்கள்தான் வீடு பார்ப்பவர்கள்.

பார்ப்பார்கள். அவ்வளவுதான். கட்டமாட்டார்கள், வாங்கமாட்டார்கள், விற்கவும் அவர்களிடம் ஒன்றும் இருக்காது. யாரோ ஒருவர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு வீட்டை விலை பேசினால், அந்தச் செய்தி காற்றில் மிதந்து இவர்களின் காதை வந்தடையும். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சாரமும் அத்தர் வாசனையுமாக அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். செருப்பைக் கழற்ற முன்பே சுவரில் ஒரு தட்டு. பிறகு காதைச் சுவரோடு வைத்து, வைத்தியர் நெஞ்சுச் சத்தம் கேட்பதைப்போல ஒரு மௌனம். அந்த மௌனத்தில் வீட்டுக்காரருக்கு உயிர் போய்விட்டு வரும்.

புது வீட்டுக்குப் போனால், "இந்தக் காலத்து வேலையெல்லாம் மேற்பூச்சு. பழைய வீடு எண்டா அது வீடு!" என்று பெருமூச்சு விடுவார்கள். பழைய வீட்டுக்குப் போனால், "எத்தனை பேர் வாழ்ந்து கழிச்ச இடம்! புது வீடு எண்டா மனசுக்கு ஒரு வெளிச்சம்" என்று கண்களை மூடிக்கொள்வார்கள். உலகத்தில் இருப்பதே இந்த இரண்டு வகை வீடுதானே, இவர்களுக்கு எதுதான் பிடிக்கும் என்று கேட்கிறீர்களா? இவர்களுக்குப் பிடித்தது வீடு இல்லை. தங்கள் வாயிலிருந்து வரும் தீர்ப்புக்காக நாலு பேர் நெஞ்சு படபடக்கக் காத்து நிற்பதுதான்.

புத்தளம் நகரத்தில் இந்தக் கூட்டத்தின் தலைவர் மக்பூல் சாச்சா. வயது அறுபத்தொன்று. தகுதி: வாலிபத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் மூன்று மாதம் ஆணி நிறுத்துக் கொடுத்தது. அந்த மூன்று மாதத்தை மக்பூல் சாச்சா நாற்பது வருடமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தீரவில்லை. அவர் குடியிருப்பது அவருடைய மனைவி முஃபீதாவுக்கு அவளின் வாப்பா கொடுத்த வீடு. அந்த வீட்டுக் குசினிக் கதவு பிணைச்சல் கழன்று ஏழு வருடமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"ஊர்க் கதவெல்லாம் ஆட்டிப் பாக்கிறீங்களே, நம்மட கதவையும் ஒருக்கா நிமித்தி வைக்கலாமே" என்று முஃபீதா கேட்டால்,

"நான் ஆலோசனை சொல்ற ஆள். ஆணி அடிக்கிற ஆள் இல்ல" என்பார். சொல்லிவிட்டு, சட்டைப் பையில் ஒரு தேசிக்காயைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவார். தேசிக்காய் எதற்கு? தரையில் உருட்டிப் பார்க்க. அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தரை சரிவாம். உருட்டிய தேசிக்காயை அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்து, பிழிந்து சர்பத்தாக வாங்கிக் குடித்துவிட்டு வருவது அவருடைய வழமை.

இப்பேர்ப்பட்ட மனிதரின் நாக்கு நுனியில்தான் ஆலங்குடாவில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை சில மணித்தியாலம் தொங்கிக்கொண்டிருந்தது.

மக்பூலின் மூத்த நானா, கூடப்பிறந்த அண்ணன், மௌத்தாகி ஒன்பது வருடம். அவருடைய விதவை கமறியாவுக்கு ஒரே மகன், றிஸ்மின். றிஸ்மின் மேசன் வேலை செய்கிறவன். கமறியா அதை அப்படிச் சொல்லமாட்டாள். "மகன் கட்டட வேலை பாக்கிறார்" என்பாள், ஏதோ அவன் மர நிழலில் குடை பிடித்து நின்று மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல. ஆலங்குடா றஊபின் மகள் அஸ்மியாவை அவனுக்குப் பேசி முடித்தார்கள். பிள்ளை நல்ல பிள்ளை, குடும்பம் நல்ல குடும்பம், இரண்டு பேருக்கும் விருப்பம். பிறகென்ன? பிறகுதான் வீடு. பெண்ணுக்கு ஒரு வீடு கொடுப்பதாக றஊப் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுப்பது எந்த வீடு என்பதில்தான் சிக்கல்.

றஊபுக்குப் பக்கத்து வளவில் டொறத்தி டீச்சரின் வீடு இருந்தது. ஓய்வு பெற்ற டீச்சர் சிலாபத்தில் மகளோடு போய் இருக்கத் தீர்மானித்து, "வேற ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல றஊப், உங்கட அஸ்மியாவுக்கு எண்டா குடுக்கிறன்" என்று றஊபின் கைக்கு எட்டிய விலை சொல்லியிருந்தார். அதை எடுத்தால் மகள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பாள். உம்மா வைத்த மீன் ஆணம் சூடாறுவதற்குள் மகளின் கோப்பைக்குப் போய்விடும்.

இரண்டாவது, முந்தல் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு போட்டுக் கட்டியிருந்த நாலு புது வீடுகளில் ஒன்று. ஆலங்குடாவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். அதை எடுப்பதென்றால் றஊப் தன்னுடைய தேங்காய் லொறியை விற்க வேண்டும். அந்த லொறிதான் அந்த வீட்டில் அடுப்பெரிய வைப்பது. லொறி போனால், ஐம்பத்தைந்து வயதில் அவர் இன்னொருவரின் லொறியில் கூலிக்கு ஏறி இறங்க வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். கமறியாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"பாவிச்ச பழைய வீட்டிலயா என்ட மகன் குடியேறுற? கலியாணத்துக்கு வாற சனம் முதல் கேக்கிற கேள்வியே வீடு புதுசா பழசா எண்டுதான்" என்றாள். "சரி, நான் பொம்புள, எனக்கென்ன தெரியும்? தம்பி வந்து பாக்கட்டும். தம்பி சொன்னா முடிவு."

தம்பி என்றால் நம்முடைய மக்பூல் சாச்சா.

புரட்டாதி மாதம் ஒரு சனிக்கிழமை, மக்பூலும் கமறியாவும் வாடகை வேன் ஒன்றில் ஆலங்குடாவுக்குப் புறப்பட்டார்கள். வேனை ஓட்டியது றிஸ்மின். ஏறுவதற்கு முன்பே கமறியா அவனிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டாள்: "மகன், வீடு பாக்கிற இடத்தில மாப்பிள்ளை வாய் திறக்கப்படாது. அது நம்மட மரியாதைக்குச் சரியில்ல. பெரியாக்கள் கதைப்பாங்க, நீங்க சும்மா இரிங்க." மேசன் வேலை செய்கிற ஒருவன் பக்கத்திலேயே இருக்கும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று மக்பூலுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. "மேசன்மாருக்கு வேலை தெரியும். வீடு தெரியாது" என்பது அவருடைய கொள்கை.

டொறத்தி டீச்சர் வாசலைக் கூட்டி, விறாந்தையில் கதிரை போட்டு வைத்திருந்தார். றஊப் வேலியோரம் கைகட்டி நின்றார். மக்பூல் கதிரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சுவர். தட்டு. காது. மௌனம்.

"இந்த வீட்டுக்கு வயசென்ன, டீச்சர்?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டா!" ஏதோ மரண அறிவித்தல் கேட்டவரைப்போல அவர் கமறியாவைத் திரும்பிப் பார்த்தார். "மனுசனுக்கு இருபத்திரண்டு எண்டா வாலிபம், மச்சி. வீட்டுக்கு அது முதுமை."

"அப்பிடியா? உங்கட வயசு வீட்டுக்கு வந்தா என்னண்டு சொல்றது, மக்பூல்?" என்று டீச்சர் கேட்டார்.

மக்பூல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யன்னலைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். அந்த யன்னலிடம் ஏதோ ஒப்புதல் வாக்குமூலம் வாங்கப்போகிறவர்போல ஆறு தடவை அப்படிச் செய்தார்.

"என்ன மரம்?"

"பாலை."

"பாலை எண்டு சொல்லித்தான் எல்லாரும் விக்கிற."

"நான் உங்கட வாசலுக்கு விக்க வரல்ல தம்பி. நீங்கதான் என்ட வாசலுக்குப் பாக்க வந்திருக்கிறீங்க."

விறாந்தைச் சுவரில், ஏதோ படம் தொங்கிய இடம் ஒன்று வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. மக்பூல் அதை உற்றுப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"இதில என்ன மாட்டியிருந்த?"

"கலண்டர்."

"என்ன கலண்டர்?"

"உங்கட பள்ளிவாசல் கலண்டர்தான். றஊப் வருசா வருசம் கொண்டு வந்து தாற. அதிலதான் எனக்கு நோம்பு எப்ப, கஞ்சி எப்ப வரும் எண்டு தெரியும்."

வேலியோரம் நின்ற றஊபுக்குச் சிரிப்பு வந்தது; மக்பூலின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். தேசிக்காய் வெளியே வந்தது. சிவப்புச் சீமெந்துத் தரையில் மக்பூல் அதை உருட்டினார். அது கொஞ்சத் தூரம் ஓடி, அசையாமல் நின்றுவிட்டது. தரை மட்டம். மக்பூலுக்கு அது அவமானமாக இருந்தது. காலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பாத்தீங்களா, கிழக்கால ஓடுது" என்றார். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். களப்போரத்து ஊர்களில் பாதிக் கிணறுகள் உப்பாகிப்போன காலத்தில் இளநீரைப்போன்ற தண்ணீர். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "தண்ணி இப்ப நல்லம். இன்னும் பத்து வருசத்தில என்ன நடக்கும் எண்டு யாருக்குத் தெரியும்?"

எந்த வீட்டைப் பற்றித்தான் அது தெரியும்? எந்த மனிதரைப் பற்றித்தான் தெரியும்? ஆனாலும் கமறியா தலையை ஆட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் குசினி யன்னலில், தேத்தண்ணீர்த் தட்டை ஏந்திய கையோடு அஸ்மியா நின்றிருந்தாள். மக்பூல் சாச்சாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் பாவம். அந்த உதடு பிதுங்கியது. அவள் தட்டை யன்னல் கட்டிலேயே வைத்துவிட்டாள்.

"சொந்தக்காரங்க எண்டு மனசு வைக்காம உள்ளதச் சொல்றன், றஊப். இது கழிவு வீடு."

இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்த டொறத்தி டீச்சர் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு விறாந்தைக்கு நடந்தார். மூன்று கதிரைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனார். தேசிக்காயைப் பொறுக்கி மக்பூலின் கையில் வைத்தார். அன்றைக்கு சர்பத் கிடைக்கவில்லை.

வேன் முந்தலை நோக்கித் திரும்பியது. றஊப் முன் இருக்கையில் மடியில் கைவைத்தபடி வழி சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் மக்பூல் சாச்சா, புது வீட்டை எப்படிக் கிழிப்பது என்று மனதுக்குள் வசனம் அடுக்கிக்கொண்டு போனார். உண்மையாகத்தான். அவருடைய வழமைப்படி புது வீடும் அன்று மண் கவ்வியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் கலியாணம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும், லொறியை விற்கும் பேச்சே வந்திருக்காது. அதைக் கெடுத்தது ஒரேயொரு சொல்.

நாலு புது வீடுகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நின்றன. இளம் ஊதா நிறச் சுவர், கண்ணைக் குத்தும் வெள்ளைத் தூண், பளபளக்கும் டைல்ஸ். கேற்றில் நின்ற தரகர் ஹுனைஸ், இறுக்கமான காற்சட்டையும் காதில் போனுமாக ஓடி வந்தான். மக்பூல் வழமைபோலச் சுவரைத் தட்டிக் காதை வைத்தார். ஹுனைஸ் அந்தத் தொழிலில் ஊறியவன். சட்டென்று போனை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பயபக்தியோடு கேட்டான்:

"சேர் இஞ்சினியரா?"

மக்பூல் சாச்சா ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "கட்டடத் துறைதான்" என்றார்.

அவ்வளவுதான். அறுபத்தொரு வருடம் காத்திருந்த சொல் அல்லவா? அந்த நிமிடத்திலிருந்து வீடு வேறு வீடாகிவிட்டது. "சேர் இந்தக் கோணரைப் பாருங்க", "சேருக்கு நான் சொல்லத் தேவையில்ல", "சேர் மாதிரி விளங்கின ஆக்கள் வாறது குறைவு." ஒவ்வொரு சேருக்கும் மக்பூலின் நெஞ்சு ஒரு விரற்கடை அகன்றது. யன்னலை ஒரு தடவைதான் திறந்தார். தேசிக்காய் பையிலேயே கிடந்தது. சுவரைத் தட்டிவிட்டு, "ம்... நல்ல கனம்" என்று தலையை அசைத்தார். பூச்சைத் தடவி, "கண்ணாடி மாதிரி!" என்றார்.

வாசகரே, இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவரைப் பூசியது றிஸ்மின்.

றஊப் காட்டிய அந்த ஒழுங்கைக்குள் வேனைத் திருப்பியபோதே அவனுக்கு இடம் அடையாளம் தெரிந்துவிட்டது. முந்தல் பக்கம் புது வீடு என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். எந்தப் புது வீடு என்று யாரும் சொல்லவில்லை. ஆடி மாதம், கச்சான் காற்று மூச்சு விடாமல் அடித்த நாட்களில், கொந்தராத்துக்காரர் கடற்கரை மண்ணை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இதே வாசலில் குவித்தார். இந்தக் கரையில் வேலை தெரிந்த எவரும் அந்த மண்ணை உடனே தொடமாட்டார்கள். ஒரு மாரி முழுக்க வெளியில் போட்டு வைப்பார்கள். மழை இறங்கி உப்பைக் கழுவிய பிறகுதான் சாந்து குழைப்பார்கள். றிஸ்மின் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "மழை வாற வரைக்கும் பாத்திருந்தா நான் எப்ப வீட்டை விக்கிற? குழை!" என்று பதில் வந்தது. குழைத்தான். பூசினான். கூலி வாங்கினான். நாலு வீட்டுச் சுவரிலும் இப்போது கடல் ஒளிந்திருக்கிறது. முதல் மாரிக்கு அது வெளியே வரும். நிறம் கொப்புளிக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும், உள்ளே கம்பி துருவேறி வெடிக்கும். பிறகு ஒவ்வொரு வருடமும் சுரண்டிச் சுரண்டிப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதைத்தான் மக்பூல் சாச்சா தடவிக்கொண்டு நின்றார்.

கூடத்தின் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தீர்ப்புச் சொன்னார். "மச்சி, இதுதான் வீடு. றஊப், யோசிக்காதீங்க. நாற்பது வருச அனுபவத்தில சொல்றன். நூறு வருசத்துக்கு இதில கை வைக்கத் தேவையில்ல."

கமறியாவின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல மலர்ந்தது. றஊப் தரையைப் பார்த்தார். அந்த டைல்ஸில் தெரிந்த தன் முகத்தையே பார்த்திருப்பார். பிறகு தோளில் கிடந்த சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி நானா. மகள்ட நஸீபு இந்த வீட்டிலதான் எழுதியிருக்கு எண்டா இதுதான். லொறிக்கு ஒரு ஆள் கேட்டுக்கொண்டு இரிக்கிறார். திங்கக்கிழமை குடுத்திர்றன்."

இருபது வருடம் தன்னைச் சுமந்த வண்டியைக் கைவிடுகிறேன் என்று ஒரு மனிதர் இதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. றிஸ்மின் வாசற்படியில் நின்றான். அவனுக்கு முன்னால் இரண்டு வழி. வாயை மூடிக்கொண்டால் கலியாணம், உம்மாவின் சந்தோசம், நாளைக்கும் வேலை. திறந்தால் மூன்றும் போகலாம். அந்தச் சமயத்தில் அவனைத் திரும்பிப் பார்த்த மக்பூல், மாப்பிள்ளை புது வீட்டைக் கண்ட மகிழ்ச்சியில் வாயடைத்துப்போய் நிற்கிறான் என்று முடிவுகட்டினார். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் அல்லவா!

"மாமா, லொறிய விக்காதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கமறியா பல்லைக் கடித்தாள். "மகன்! நான் என்ன சொல்லிக் கூட்டி வந்தன்?"

"இருங்க உம்மா." அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தான். வேறு வழியின்றி எல்லோரும் பின்னால் போனார்கள். குளியலறைக்கு வெளிப்புறம், சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்க்குக் கீழே, சுவர் புதிதாகத் திரும்பவும் நிறம் பூசப்பட்டிருந்தது. அந்த இடத்தைச் சாவியால் சுரண்டினான். ஊதா நிறம் தோலாகக் கழன்றது. உள்ளே வெள்ளையாக, பஞ்சைப்போல ஏதோ பூத்திருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து மக்பூலிடம் நீட்டினான்.

"சாச்சா, வாயில வச்சுப் பாருங்க."

"என்னடா இது?"

"வச்சுப் பாருங்களே. நீங்கதானே தண்ணியக் கொப்பளிச்சே பத்து வருசத்துக்குச் சொல்ற."

ஹுனைஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சேர் என்று அழைத்த ஒருவன் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? மக்பூல் சாச்சா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. புத்தளத்தில் பிறந்து, உப்பளக் காற்றைக் குடித்து வளர்ந்த நாக்கு அது. அதற்கு உப்பைத் தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் சொன்னார்:

"சீமெந்து ருசி. புதுச் சீமெந்து இப்பிடித்தான்."

கமறியா பொறுமையிழந்து தானே ஒரு துளி எடுத்து வாயில் போட்டாள். அடுத்த கணம் துப்பினாள். "சீமெந்தா? தம்பி, இத அப்பிடியே ஆணத்தில போடலாம்!"

"கடல் மண், உம்மா. கழுவாத மண்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

றிஸ்மினின் தலை குனிந்தது. "நான்தான் பூசின."

ஹுனைஸ்தான் முதலில் வாய் திறந்தான். இப்போது சேர் இல்லை, மரியாதை இல்லை. "டேய், உன்ட பாஸுக்கு இது தெரிஞ்சா நாளைக்கு உனக்கு வேலை இரிக்காது, விளங்குதா?"

"விளங்குது. நீயே சொல்லு." பிறகு அவன் றஊபின் பக்கம் திரும்பினான். "மாமா, பிழை என்னிலயும் இரிக்கி. இதுக்குள்ள அஸ்மியாவக் கொண்டு வந்து வச்சிட்டு, நீங்க வேற ஆள்ட லொறியில ஏறுறத நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு இரிக்கிற? டீச்சர்ட வீடு நல்ல வீடு. சுவரப் பாத்தன். இருபத்திரண்டு மாரி கண்டும் ஒரு இடத்தில உப்புப் பூக்கல்ல. எங்களுக்கு அது போதும்."

றஊப் கிட்ட வந்தார். சாந்து தின்று தடித்துப்போன அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் நின்றார். அவருடைய கண்ணிலிருந்து வழிந்தது சால்வைக்கு எட்டவில்லை, தாடிக்குள் இறங்கியது. மகளுக்கு வீடு தேடி வந்த மனிதருக்கு அந்தக் கொல்லைப்புறத்தில், சொட்டும் குழாயடியில், ஒரு மகன் கிடைத்தான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்? வெட்கப்பட்டு வேனுக்குள் ஏறியிருப்பார். நம்முடைய மக்பூல் சாச்சாவுக்கு அரை நிமிடம்தான் தேவைப்பட்டது. அந்த அரை நிமிடம் முழுக்க வானத்தைப் பார்த்தார். பிறகு சாரத்தை உதறி, தொண்டையைச் செருமி, றிஸ்மினின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா றஊப்? வாசல்ல கால் வைக்கக்குள்ளேயே எனக்கு உப்பு வாடை அடிச்சிட்டு. பொடியனுக்கு நேர்மை இரிக்கா எண்டு சோதிக்கத்தான் நான் ஒண்டும் சொல்லாம நூறு வருசம் எண்டு சொல்லி வச்சன். இல்லாட்டி நாற்பது வருச அனுபவத்தில எனக்கு இது தெரியாதா?"

அதை நம்பியவர்களும் இருந்தார்கள். கமறியா நம்பினாள். வேன் பாலாவிச் சந்தியைத் தாண்ட முன்பே குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவளுடைய குரல் போய்விட்டது: "முந்தல் வீட்டில பெரிய மோசடி. தம்பிதான் கண்டுபிடிச்சார்." அதற்கு மட்டும் முப்பத்தொரு பேர் மாஷா அல்லாஹ் போட்டார்கள். அன்று மாலையே கொந்தராத்துக்காரரின் அழைப்பு றிஸ்மினுக்கு வந்தது. திங்கட்கிழமை வரத் தேவையில்லை. அதற்கு யாரும் எதுவும் போடவில்லை. இரண்டு மாதம் அவன் நாளாந்தக் கூலிக்கு வண்ணாத்திவில்லு வரைக்கும் போய் வந்தான் என்பதும் அந்தக் குழுவில் எவருக்கும் தெரியாது.

மார்கழியில் கலியாணம் நடந்தது. நல்ல மாரி. டொறத்தி டீச்சரின் பழைய விறாந்தையில், இப்போது அஸ்மியாவின் விறாந்தையில், விருந்துக்கு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். கூரை ஒழுகவில்லை. வாசலில் தேங்காய் லொறி நனைந்துகொண்டு நின்றது, றஊபின் பெயரிலேயே. இருப்பதில் நல்ல கதிரையில் மக்பூல் சாச்சா அமர்ந்திருந்தார். சுற்றிலும் ஆறேழு பேர்.

"புது வீடு புது வீடு எண்டு எல்லாரும் பறந்தாங்க. நான்தான் விடல்ல. எடுத்தா இந்த வீடுதான் எண்டு ஒத்தக் காலில நிண்டன். இந்த யன்னல் என்ன மரம் எண்டு தெரியுமா? பாலை. இப்ப எங்க கிடைக்கும்?"

சோற்றுச் சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன முஃபீதா ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, சோறு ஆறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெயர்கூடச் சொல்லியிருப்பீர்கள். இருக்கட்டும். நீங்கள் கடைசியாகப் போன குடிபுகு விருந்தை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் உங்களை அறை அறையாகக் கூட்டிப்போனார் அல்லவா? கடைசியில், சின்னப்பிள்ளையைப்போல, "எப்பிடி வீடு?" என்று கேட்டார் அல்லவா? புதுசாக இருந்தால் "இப்ப கட்டுறதெல்லாம் எவ்வளவு நாளைக்கு" என்றீர்களா, பழசாக இருந்தால் "இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா புதுசே எடுத்திருக்கலாம்" என்றீர்களா, எனக்குத் தெரியாது. ஏதோ சொன்னீர்கள். அவர் முகத்தில் விளக்கு ஒன்று அணைந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. அப்போது உங்கள் கண் கூரை மூலையில் இருந்தது. அந்த வீட்டுக்காக அவர் எதை விற்றார் என்று கேட்கவும் உங்களுக்கு நேரம் இருக்கவில்லை.